ஒரு சாண் ஒசரம்

நான் உங்க மேல சாயலீங்க. பஸ்ஸு சாயுது. ஏறுனதுல இருந்து தோளத் தோள இடிச்சு நகத்தறீங்க, நானும் பாத்துட்டேதான் இருக்கறன். இந்தப் பக்கத்து ஸ்பிரிங் பட்டை உக்காந்து போயிருக்கும். டிரைவரு கண்டுக்க மாட்டான், கண்டக்டரு கேக்கவே மாட்டான். பொள்ளாச்சி போற வரைக்கும் இப்புடித்தான். நான் என்ன பண்ணட்டும், உங்களுக்காக எந்திரிச்சு நிக்கட்டுமா?

என்ன, பஸ்ஸு நேராத்தான் போகுதுங்கறீங்களா? நீங்களுமா?

காலைல இருந்து இதே பேச்சுத்தான். தாராபுரத்துக்குப் பக்கத்துல எம்பட மச்சினன் புது வூடு கட்டி இன்னிக்குப் பால் காய்ச்சுனானுங்க. அங்கிருந்துதான் வாறன். விசேசத்துக்குப் போயிட்டு வாறவன்கிட்ட சாப்பாடு எப்புடின்னு கேக்கறது வழக்கம். கேக்காதீங்க. சாப்பிடல. எலை போட்டாங்க, உக்காரல.

மகுடீஸ்வரன்னு பேரு. எம்பட வூட்டுக்காரி பூவாத்தாளுக்குத் தம்பி. கரண்டு எடுக்கற காத்தாடிக் கம்பெனில சூப்பர்வைசரு. தலைல மஞ்சத் தொப்பியப் போட்டுட்டானாம், அதனால ஒலகத்துல எதுக்கும் மட்டம் பாக்கற அதிகாரம் அவனுக்கு வந்துருச்சாம். என்னைய இந்தக் கதிக்குக் கொண்டாந்தவன் அவந்தான். கேளுங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க. போன உள்ள வைங்க, ஒரு மனுசன் பேசறப்ப அதை நோண்டிட்டிருந்தா எப்புடி?

எங்கண்ணனும் நானும் பாகம் பிரிச்சப்ப, ஊருக்குள்ள இருந்த வூடும் தோப்புல ஒரு பாதியும் அவனுக்கு. ஆனைமலை தாண்டி மலையடிவாரத்துல இருக்கற அந்தத் தென்னந்தோப்புல மறு பாதி எனக்கு. தோப்பு நல்ல தோப்புங்க, வாய்க்கா பக்கத்துலயே போகுது. ஆனா வூடு கட்ட முடியாது. மலையை ஒட்டுன எடம், கல்லு மண்ணு வெச்சு எழுப்பக் கூடாதுன்னுட்டாங்க. கொட்டகை போட்டா? அதுவும் ஆகாதாம். அப்ப நானும் பூவாத்தாளும் மரத்து மேல ஏறியா குடியிருக்கறது? அப்பத்தான் ஒருத்தன் சொன்னான், சினிமாக்காரங்க வெச்சிருந்த கேரவன் ஒண்ணு வெலைக்கு வருதுன்னு. தானா ஓடறதில்லீங்க. லாரிக்குப் பொறகால மாட்டி இழுத்துட்டுப் போறது. உள்ள கட்டலு, அடுப்பு, அலமாரி, கக்கூஸு எல்லாம் இருக்குது. மொகம் பாக்கற கண்ணாடியச் சுத்தியும் பல்பு. எந்த நடிகை பவுடர் போட்ட கண்ணாடியோ, இப்ப நான் அதுல சவரம் பண்றன். சக்கரம் இருக்கற வரைக்கும் அது வண்டி. வூடுன்னு எவனும் வந்து கேக்க முடியாது. மூளை எப்புடி?

டிராக்டர்ல மாட்டித் தோப்புக்குள்ள கொண்டாந்து நிறுத்துனேன். நிறுத்துனா ஆச்சா? அப்புடியே டயரு மேல வுட்டா உள்ள நடக்கறப்பத் தூளியாட்டம் ஆடும், டயரும் பாரம் தாங்காம வெடிச்சுப் போகும். நாலு மூலைலயும் ஜாக்கி குடுத்துத் தூக்கோணும். அடில மரக்கட்டை, அதுக்கு மேல ஹாலோ பிளாக் கல்லு, மறுபடி ஒரு கட்டை, இப்புடி அடுக்கி வண்டியோட பாரத்தையெல்லாம் அந்தக் கல்லு மேல எறக்கோணும். சக்கரம் சும்மா பேருக்குத் தொட்டுட்டிருக்கும். இதெல்லாம் நானே பாத்துப் பாத்துப் பண்ணுனது. எவனும் வந்து ஒரு கல்லு எடுத்துக் குடுக்கல. எடஞ்சலு பண்றதுக்கு மட்டும் பொறகு வந்தாங்க.

கல்லு அடுக்கறதுக்கு முன்னால உடுமலைல இருந்து வாஸ்துக்காரரக் கூட்டியாந்தேன். பூவாத்தா அன்னைக்கே மூக்கச் சுளிச்சா. "வண்டிக்கு எதுக்குங்க வாஸ்து? டயருக்கும் ஜாதகம் பாப்பீங்களா?"ன்னா. எங்கண்ணன் குடியிருக்கற வூடு வாஸ்துப்படி கட்டுனது. அவன் பங்கு மரத்துல ஒண்ணுக்குக் கூட வாடல் நோவு வரல. நம்ம தோப்புல வரிசையா மட்டை காஞ்சு தொங்குது. ஒரே தண்ணி, ஒரே மண்ணு. அப்ப வித்தியாசம் எங்க இருக்குதுன்னு கேக்கறன். இது மண்டைல ஏறாதவகிட்ட என்னத்தப் பேசறது?

வாஸ்துக்காரரு வந்தாரு, பையத் தொறந்து காம்பச எடுத்தாரு. வண்டிய லாரில மாட்டறதுக்கு முன்னால ஒரு இரும்பு நீட்டிட்டு இருக்குமில்ல, நல்ல கனமான இரும்பு, அது மேல வெச்சாரு. முள்ளு ஆடி ஆடி ஒரு பக்கமா நின்னுச்சு. இதான் வடக்குன்னாரு. அப்ப இது ஈசானியம், இது அக்னி, இது வாயு, இது கன்னி மூலை. கன்னி மூலைங்கற தென்மேற்கு ஒசரமா இருக்கோணும், ஈசானியம் எறக்கமா இருக்கோணும். கன்னி மூலைல ரெண்டு விரக்கடை ஒசத்துனாப் போதும்னாரு.

நான் யோசிச்சேன். ரெண்டு விரக்கடைக்கே பலன்னா, ஒரு சாணுக்கு எவ்வளவு பலன்? இதுல போயி யாராச்சும் கஞ்சத்தனம் பண்ணுவாங்களா? ஒரு சாண் ஒசத்தி வெச்சேன்.

சிரிக்கறீங்க. சிரிங்க. காலைல இருந்து பாத்தாச்சு, நீங்க ஒருத்தர் சிரிச்சு எனக்கு ஒண்ணும் கொறஞ்சு போகாது.

வண்டி கொஞ்சம் சாஞ்சிருந்துச்சுதான். நான் இல்லைன்னு சொல்லல. அதுக்கென்னங்க? சாஞ்சா அதுக்குத் தகுந்தாப்பல இருந்துக்கோணும். தட்டுல ரசம் ஒரு பக்கமா ஒதுங்கும். சோத்த அந்தப் பக்கம் தள்ளிப் பெசைஞ்சா முடிஞ்சுது. தாப்பாப் போடலைன்னா கதவு தானாத் தொறந்துக்கும். காத்து வருது, நல்லதுதான? குளிக்கற தண்ணி ஓட்டை இருக்கற பக்கம் போகாது, எதிர் மூலைல போயித் தேங்கும். தொடப்பத்துல தள்ளி வுட்டாப் போகப் போகுது. மேசைக்கு அலமாரிக்கெல்லாம் விளிம்புல ரீப்பர் கட்டை அடிச்சுக் குடுத்தேன், ஒரு சாமான் கீழ வுழுகாது. அவளுக்குக் கட்டல்ல உருண்டு போகுதாம். நான் பள்ளத்துப் பக்கம் படுத்துக்கிட்டு அவள மேட்டுப் பக்கம் படுக்கச் சொன்னேன். உருண்டா எம்மேலதான் உருளோணும். கட்டுன புருசன் மேல உருள்றதுல என்ன நட்டம்? அதையும் போன்ல மககிட்டச் சொல்லி அழுதா. மக ஓசூருல வேலைல இருக்கறா. அவளும் அம்மா பக்கந்தான், கேக்கவே வேண்டாம்.

தலை சுத்துதுங்கன்னா. எந்நேரமும் செவுத்தப் புடிச்சுட்டே நடந்தா. சரின்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன், நான் என்ன கல்லு நெஞ்சுக்காரனா? டாக்டரு காதப் பாத்தாரு, கண்ணப் பாத்தாரு, ரத்தம் பாத்தாரு. ஒண்ணுமில்லைன்னுட்டாரு. டாக்டரே ஒண்ணுமில்லைன்னு சொன்னதுக்கப்பறமும் சுத்துனா அது யாரு தப்பு? வூட்டுத் தரை எப்புடி இருக்குதுன்னு அவரு கேக்கல. கேக்காததச் சொல்ற பழக்கம் எனக்கில்ல.

ஒரு நா சாயங்காலம் என்னையக் கூப்புட்டு சன்னலக் காட்டறா. "ஏனுங்க, இது வடக்குச் சன்னலுங்கறீங்க. பொழுது தெனமும் இதுலதான் எறங்குது. கண்ணுக் கூசுது. பொழுது எப்பங்க வடக்க எறங்க ஆரம்பிச்சுது?"ன்னா.

எனக்குத் தெரியாதா? அந்தத் தோப்புல பொறந்து பொரண்டவன். கெழக்க பாத்துப் பல்லு வெளக்கியே தலை நரைச்சவன். ஆனா தோப்புக்குத் தெசை வேற, வண்டிக்குத் தெசை வேற. நான் சும்மா சொல்லல, வாஸ்துக்காரருக்கே போனப் போட்டுக் கேட்டுட்டேன். வாகனத்துக்குத் தெசை தனிங்க, முள்ளு எங்க நிக்குதோ அதான் அதுக்கு வடக்குன்னு அடிச்சுச் சொன்னாரு. நாலு ஊருக்குப் போயி வாறவரு. அதச் சொன்னா இவ சிரிக்கறா. "இரும்பு மேல வெச்சா முள்ளு இரும்பத்தானுங்க பாக்கும். உங்க சாத்திரப்படியே பாத்தாலும் நீங்க தூக்கி வெச்சிருக்கறது அக்னி மூலைய. கன்னி மூலை அங்க கெடக்குது பாருங்க, கேப்பாரில்லாம"ங்கறா. எங்க படிச்சா இதை? தம்பிகாரன் போன்ல ஓதியிருப்பான். அன்னைக்கு நான் சாப்பிடாமப் படுத்தேன். சாப்புடுங்கன்னு ஒரு வார்த்தை வரல. பொம்பளை மனசு எப்ப மாறுச்சுன்னா அன்னைக்குத்தான்.

அப்பறம் அந்தப் பாலு. அவங்க சனம் இதைத்தான் ஊரெல்லாம் பேசிட்டுத் திரியுது, அதனால நானே சொல்லிடறேன். அடுப்புல பால வெச்சுட்டு டம்ளர எடுக்கத் திரும்பியிருக்கறா. பாலு பொங்கி வழிஞ்சு, சட்டிக்கடி வழுவழுன்னு ஆயி, சட்டி அப்புடியே பள்ளத்துப் பக்கம் நகந்து வந்து அவ கால்ல கவுந்துச்சு. பாதம் பூராக் கொப்புளம். அவ போட்ட சத்தம் இன்னும் என் காதுல கெடக்குது. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. தண்ணிய மொண்டு மொண்டு ஊத்துனேன். அதையெல்லாம் எவனும் சொல்ல மாட்டான்.

ஆனா நாயம்னு ஒண்ணு இருக்குதில்லீங்க? எல்லாத்துக்கும் ரீப்பர் அடிச்ச மாதிரி அடுப்புக்கு அடிக்க முடியாது, தீப்புடிச்சுக்கும். அதனால, சட்டில ஒரு கை எப்பவும் இருக்கட்டும்னு நான் தெனம் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கறேன். அன்னைக்கு மறந்துட்டா. இதுல என் தப்பு எங்கீங்க வருது?

மகுடீசன் காரப் போட்டுட்டு வந்தான். உள்ள ஒரு கால வெச்சான், வெச்சதும் கதவுக் கம்பிய இறுக்கிப் புடிச்சுக்கிட்டான். நடிப்பு. "மச்சான், இது குடியிருக்கற எடமா, சறுக்கு மரமா? இதுலயா எங்கக்காவ வெச்சிருக்கறீங்க?"ன்னான். எங்கக்காவாம்! கட்டிக் குடுத்ததுக்கப்பறம் எவடா உங்கக்கா? கூட்டிட்டுப் போடான்னேன். கூட்டிட்டுப் போயிட்டான்.

கால் ஆறுச்சு. வாறேன்னு அவளே போன் பண்ணுனா. இதக் கவனிங்க, நான் கூப்புடல, அவளாத்தான் வந்தா. நான் சந்தைக்குப் போயிருந்த நேரம் பாத்து அக்காளும் தம்பியும் வந்து எறங்கியிருக்கறாங்க. நான் திரும்பி வந்து படில ஏறி உள்ள கால வெச்சேன். வெச்சவன் குப்புற வுழுந்துட்டேனுங்க. நெசமா. தரை இருக்கற எடத்துல தரை இல்ல.

என்ன பண்ணியிருக்கறான் தெரியுமா? ஜாக்கி வெச்சு, கன்னி மூலைல இருந்த கல்லை உருவி, வண்டிய மட்டமா எறக்கி வெச்சிருக்கறான். ரசமட்டம் பாத்திருப்பீங்க, கொத்தனாருங்க வெச்சிருப்பாங்களே, கண்ணாடிக் குழாய்க்குள்ள ஒரு காத்துக் குமிழி ஓடுமே, அதைக் கொண்டாந்து நடுத்தரைல வெச்சு, குமிழி சரியா நடுவுல நிக்குதுன்னு எனக்கே காட்டறான். எம்பட வண்டில! நான் கல்லு அடுக்குன வண்டில!

பூவாத்தா மொகத்த நீங்க பாத்திருக்கோணும். சின்னப் புள்ளையாட்டம் டம்ளர்ல விளிம்பு வரைக்கும் காப்பிய ஊத்தி, மேசை மேல வெச்சு, "பாருங்க, ஒரு சொட்டு சிந்தாம நிக்குது"ங்கறா. அந்தக் காப்பிய நான் குடிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு. ராத்திரி ரசம் வெச்சா, கறிவேப்பிலை வாசத்தோட. அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு. "இனி நான் எங்கியும் போகலீங்க"ன்னு சொல்லிட்டு ஒருக்களிச்சுப் படுத்தவ அடிச்சுப் போட்டாப்பலத் தூங்குனா. எனக்குத்தான் தூக்கமில்ல. எம்பட வண்டில எவனோ வந்து கைய வெச்சுட்டுப் போயிருக்கறான், நான் எப்புடீங்க தூங்கறது?

மக்யா நாளு வெடிஞ்சதும் ஜாக்கிய எடுத்துட்டு அடில போனேன். அவ உள்ள அடுப்புக்கிட்ட நிக்கறா, காலு நடமாடற சத்தம் மேல கேக்குது. ஜாக்கிய அமுக்க அமுக்கக் கன்னி மூலை ஏறுச்சு. அலமாரில டம்ளரு உருள்ற சத்தம் கேட்டுச்சு. அப்பறம் கரண்டி, அப்பறம் ஏதோ டப்பா. காலு நடமாடற சத்தம் நின்னு போச்சு. நிறுத்துங்கன்னு கத்துவா, நாலு வார்த்தை கேட்டுப் போடலாம்னு நானும் பாத்துட்டே இருக்கறன். கடைசிக் கல்லை வெச்சுட்டு வெளிய வந்தா, பையோட கீழ நிக்கறா.

"நான் உள்ள இருக்கறன்னு தெரிஞ்சேதான் தூக்குனீங்க"ன்னா.

"நீ உள்ள நல்லா இருக்கோணும்னுதான்டி இத்தனை பாடும்"னேன்.

வாய்க்கா மேட்டு வழியா நடந்து போயிட்டா. நல்லது சொன்னா யாருக்கீங்க புடிக்குது?

அப்பறம் மழை புடிச்சுக்கிச்சு. எங்க பக்கம் மழைன்னா சாதாரண மழை இல்ல. மலைத்தண்ணி எறங்கி கன்னி மூலைக்கு அடிலயே ஓடுச்சு. மண்ணு கொழகொழன்னு ஆயி, அடிக்கட்டை கல்லோட மண்ணுக்குள்ள எறங்கிப் போச்சு. ஒரு நா சோத்துல ரசத்த ஊத்துறேன், தட்டுல வட்டமா நிக்குது. வண்டி மட்டமாயிருச்சுங்க! சாக்கப் போத்திட்டு அந்த மழைலயே அடில படுத்து ஜாக்கி வெச்சேன். சேத்துல ஜாக்கி வழுக்கி, வண்டி தொப்புன்னு எறங்குச்சு. கைய இழுத்துக்கிட்டேன், இல்லைன்னா இன்னிக்கு இந்தக் கையக் காட்டி உங்ககிட்டப் பேச முடியாது. அடில கெடந்து கத்துனாலும் கேக்க ஆளில்ல. அந்த ஒரு நிமிசம், பூவாத்தா இருந்தா நல்லா இருக்கும்னு பட்டுச்சு. கட்டையப் புடிச்சுக்கறதுக்குத்தான், வேற ஒண்ணுமில்ல.

மழைக்காலம் பூரா இதே வேலை. அது எறங்கும், நான் தூக்குவேன். அது எறங்கும், நான் தூக்குவேன். நடுவுல மக போன் பண்ணி, "அம்மா கேக்கறாங்கப்பா, மட்டம் பண்ணிட்டுச் சொன்னீங்கன்னா அன்னைக்கே வந்தர்றாங்களாம்"ன்னா. மொதல்ல வரட்டும், வந்தாப் பாத்துக்கலாம்னேன். யாரு யாருக்கு எறங்கி வரோணும்? நீங்க சொல்லுங்க. இல்ல, நீங்க என்ன சொல்லுவீங்கன்னு தெரியும், வேண்டாம்.

இன்னிக்கு விசேசத்துக்கு மகுடீசன் தட்டத்தோட நேர்ல வந்து கூப்புட்டான். தோப்பு வரைக்கும் வந்தான், ஆனா வண்டிக்குள்ள வரல, வெளியவே நின்னு பேசிட்டுப் போயிட்டான். சரி, அக்கா புருசன் வராம வூடு புகுந்தான்னு அவனுக்கு ஒரு பேச்சு வரக் கூடாதேன்னு நான் போனேன். எம்பட பெரிய மனசு யாருக்குத் தெரியுது?

வாசப்படி தாண்டி உள்ள போனதும் தெரிஞ்சுருச்சு. வூடு சாஞ்சிருக்குது. பளபளன்னு டைல்ஸ் போட்டிருக்கறான், பாத்தாத் தெரியாது, கால வெச்சாத்தான் தெரியும். ஒரு பக்கமாக் கொண்டு போயித் தள்ளுது. நான் தூணப் புடிச்சுட்டு நிக்கறேன், ஒரம்பரை சனமெல்லாம் பலகாரத் தட்டத் தூக்கிட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரிப் போகுது வருது. ஒருத்தனுக்கும் சொல்லத் தைரியமில்ல. நான்தான் சொன்னேன். "மாப்ளே, வூடு கோணலா இருக்குது. கொத்தனாரு உன்னைய நல்லா ஏமாத்திட்டான்"னு சத்தமாவே சொன்னேன். அவன் நல்லதுக்குத்தான சொன்னேன்?

"வூடு நேராத்தான் இருக்குது மச்சான். நீங்கதான் சாஞ்சு நிக்கறீங்க"ன்னான்.

கொண்டா ரசமட்டத்தன்னேன். கொண்டாந்து குடுத்தான். நடு வூட்டுல வெச்சுப் பாத்தேன். படுக்கற ரூம்புல வெச்சேன், சமையல்கட்டுல வெச்சேன். பூசை பண்ணிட்டிருந்த ஐயரச் சித்தெ நகந்துக்கச் சொல்லி ஓமகுண்டத்துக்குப் பக்கத்துலயும் வெச்சேன். எல்லா எடத்துலயும் குமிழி நட்டநடுவுல வந்து நிக்குது. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. அது யாரோட ரசமட்டம்? அவன் ரசமட்டம். அவன் பக்கந்தான பேசும்?

இதையும் சத்தமாச் சொன்னேன். பந்தில உக்காந்திருந்தவங்க வரைக்கும் சிரிச்சாங்க. பொடுசுக எல்லாம் சாஞ்சு சாஞ்சு நடந்து காட்டுதுக. நடந்து வரலாம்னு தூண விட்டேன், ரெண்டு எட்டுல செவுத்துல போயி முட்டிக்கிட்டேன்.

அப்ப பூவாத்தா சமையல்கட்டுல இருந்து வந்தா. கைல சாம்பார் வாளி, நெறைய. எதையும் புடிக்கல, செவுத்தத் தொடல. அந்தக் கூட்டத்துக்குள்ள விறுவிறுன்னு வந்தா. கல்யாணமான புதுசுல அப்புடி நடப்பாளுங்க. வண்டிக்குக் குடி வந்ததுல இருந்து அவ அப்புடி நடந்து நான் பாக்கல. எனக்கு வயிறு எரிஞ்சுது, மறைக்கல. எங்கிட்ட நடக்காதவ தம்பி வூட்டுல எப்புடி நடக்கறா?

வாளியக் கீழ வெச்சா. சிரிக்கறதுக்கு ஒண்ணுமில்ல, போயி அவங்கவங்க வேலையப் பாருங்கன்னு அவங்க சனத்தப் பாத்துத்தான் சொன்னா. அப்பறம் எங்கையப் புடிச்சுக்கிட்டா. எல்லாரு முன்னாலயும்.

"எனக்கும் தம்பியோட பழைய வூட்டுக்கு வந்த புதுசுல இப்புடித்தானுங்க இருந்துச்சு. நேரான தரையே சாஞ்ச மாதிரி இருந்துச்சு. ரெண்டு நாளு இங்க இருங்க, தானாச் சரியாப் போயிரும். அது வரைக்கும் நான் கையப் புடிச்சுக்கறேன். அப்பறம் ரெண்டு பேருமாப் போயி அந்தக் கல்ல எறக்கி வெச்சுக்கலாம்"னா. மெதுவாத்தான் சொன்னா, எனக்கு மட்டும் கேக்கறாப்பல.

ரெண்டு நாளுங்க! ரெண்டு நாளு நான் அங்க உக்காந்திருந்தா தோப்புல யாரு இருக்கறது? வண்டிக்கு யாரு காவலு? என்னைய இங்க உக்கார வெச்சுட்டு, அங்க ஆள வுட்டுக் கல்ல உருவறதுக்குத்தான் இந்தக் கையப் புடிக்கற வேலையெல்லாம். எனக்குத் தெரியாதா? கைய உதறுனேன். கொஞ்சம் வேகமாத்தான் உதறிட்டேன் போல, அவ ரெண்டு எட்டு பின்னால போனா. வுழுகல. நேரா நின்னுக்கிட்டா.

வேலி, மரம், கரண்டு கம்பம்னு புடிச்சுப் புடிச்சு பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன். திரும்பிப் பாத்தா பொறகாலயே வாறா. சாப்புட்டாவது போங்கன்னு கூப்புடத்தான் வாறான்னு நெனச்சேன். கூப்புட்டா போறதா வேண்டாமான்னு யோசிச்சுட்டு நின்னேன். கொஞ்சம் கெஞ்சுனாப் போலாம்னுகூட இருந்தேன், பசி வேற.

கூப்புடல. இடுப்புல முடிஞ்சிருந்தத அவுத்து, எங்கையில ஒரு சாவிய வெச்சா. வண்டிக் கதவுச் சாவி. ரெண்டு சாவில ஒண்ணு அவகிட்டத்தான் இருந்துச்சு. இத்தனை மாசமும் இடுப்புலயே வெச்சிருந்திருக்கறா, சூடா இருந்துச்சு. "இதை வெச்சுக்குங்க"ன்னா. அதுக்குள்ள பஸ்ஸு வந்துருச்சு. நான் ஏறிட்டேன். அவ பஸ்ஸு எடுக்கற வரைக்கும்கூட நிக்கல.

இந்தாங்க, பாருங்க, இதான். முதல்ல எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. அக்காகிட்டச் சாவி இருக்கற வரைக்கும்தான அவன் வந்து கை வெப்பான்? இனி எப்புடி வந்து கல்லை எடுக்கறான்னு பாத்தர்றேன்.

என்ன? கல்லு வெளிய அடிலதான கெடக்குது, அதை எடுக்கச் சாவி எதுக்குன்னா கேக்கறீங்க?

ஆமா. அடில படுத்துத்தான் எடுக்கோணும். சாவி வேண்டாம்தான்.

அப்ப எதுக்கு இதை எங்கையில குடுத்தா?

நீங்க ஏதோ சொல்ல வாறீங்க. வேண்டாங்க. உங்க மொகத்தப் பாத்தாலே தெரியுது, நீங்க சொல்ல வேண்டாம். பொள்ளாச்சி வர்ற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க.